காத்த உறையைக் கழற்றும் கலை

புதுப் புத்தகத்திற்கு உறை போடுகிறோம். அழகிய படத்திற்குக் கண்ணாடி போடுகிறோம். காப்பதற்காகப் போட்ட உறையே நாளடைவில் பொருளுக்குப் பகையாகிவிட்டால் என்ன செய்வது? அமெரிக்காவில் பழைய ‘பின்பால்’ யந்திரங்களைப் போற்றி வைத்திருப்போர் இச்சங்கடத்தில் அடிக்கடி அகப்பட்டுக் கொள்கிறார்கள்.

பின்பால் என்பது சாய்வான பலகையில் எஃகுக் குண்டை ஓடவிட்டு ஆடும் ஆட்டம். குண்டு கீழே விழாதபடி தட்டி அனுப்பும் சிறு துடுப்புகள், 1947-ம் வருஷத்தில் சிக்காகோ நகரத்து காட்லீப் கம்பெனி செய்த ‘ஹம்ப்டி டம்ப்டி’ என்னும் யந்திரத்தில் தோன்றின. நியூயார்க் நகரத்தார் இதைச் சூதாட்டமெனக் கருதி 1942-ல் தடுத்து, 1976-ல்தான் மீண்டும் அனுமதித்தார்கள்!

ஆட்டப் பலகை ஒட்டுப்பலகையால் ஆனது. அதன்மேல் பட்டுத்திரை அச்சு முறையில் வர்ணச் சித்திரங்கள் பதிந்திருக்கும். சுமார் 80 கிராம் எடையுள்ள குண்டு ஓயாது உருண்டால் வர்ணம் தேயாதிருக்குமா? ஆகவே, 1980-களில் பல யந்திரங்களுக்குத் தொழிற்சாலையிலேயே ‘மைலார்’ என்னும் ஒளி ஊடுருவும் பாலியெஸ்டர் படலத்தை ஒட்டி அனுப்பினார்கள். வர்ணம் பிழைத்தது. ஆனால், ஆண்டுகள் செல்லச் செல்லப் படலத்தின் ஓரங்களில் அழுக்குச் சேர்ந்தது; குண்டு மோதும் இடங்களில் கொப்புளம் எழும்பிற்று.

அவசரப்பட்டு உரித்தால் படலத்தோடு சித்திரமும் வந்துவிடும். விளக்குகளுக்கு மேலே பதித்த பிளாஸ்டிக் வில்லைகளின் எழுத்துக்களுக்கே அபாயம் அதிகம். வழவழப்பான பிளாஸ்டிக்கில் மை அழுத்தமாகப் பற்றுவதில்லை.

அநுபவசாலிகள் பலர் குளிரை நாடுகிறார்கள். தூசி ஊதும் வாயு டப்பாவைத் தலைகீழாகப் பிடித்தால் கடுங்குளிர்ந்த திரவம் பீறிடும். அது பட்டதும் பசை இறுகிப் பிடியை விடும். அக்கணத்தில் படலத்தின் ஓரத்தைத் தூக்கி, பலகையை ஒட்டினாற்போல் மடக்கி, மெல்ல மெல்ல இழுக்க வேண்டும். கையுறையும் கண்ணுக்குக் காப்பும் அவசியம். அந்த வாயு தீப்பற்றக் கூடியதாதலால் அருகில் நெருப்பு ஆகாது; ஜன்னல்கள் திறந்திருக்க வேண்டும். உஷ்ணக் காற்றால் பசையை இளக்கி உரிப்பாரும் உண்டு. சூடு மிஞ்சினால் வர்ணமும் இளகிவிடும்.

பலகையில் தங்கிய பசைக்கு மருந்து நம் சமையலறையிலேயே இருக்கிறது. அதன்மேல் மைதா மாவைத் தூவி, ஐசோபுரொபைல் ஆல்கஹால் சிறிது விட்டு, விரலால் தேய்த்தால், மாவு பசையைப் பற்றிக்கொண்டு உருண்டை உருண்டையாகத் திரளும். முதலில் மறைவான மூலை ஒன்றில் பரீட்சை செய்து பார்ப்பது உத்தமம்.

இத்தனைக்கும் முன்னால் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: உரிக்கத்தான் வேண்டுமா? படலம் நன்றாக ஒட்டியிருந்தால் விட்டுவிடலாம். வர்ணம் அடியிலேயே பொருக்கு விட்டிருந்தால், அதைப் பிடித்து வைத்திருப்பதே அப்படலந்தான். சில யந்திரங்களுக்குப் புதுப் பலகை அச்சிட்டு விற்கிறார்கள். பலவற்றிற்கு அதுவும் கிடைப்பதில்லை. போன சித்திரம் போனதுதான்.

பதறாத காரியம் சிதறாது என்றார்கள் நம் முன்னோர். ஒரு கையில் டப்பாவும் மறு கையில் படலத்தின் ஓரமுமாக நிற்பவர் நினைவில் வைக்க வேண்டிய வாக்கு அது.