திண்டிவனத்தில் நிற்கும் பஸ் செஞ்சிப் பக்கம் தெரிவது ஏன்?

ஜூனில் பள்ளி திறக்குமுன் நடக்கும் பள்ளி வாகன ஆய்வு நெருங்கிவிட்டது. விழுப்புரம், திண்டிவனம், பனமலைப் பக்கமிருந்து வரும் கடிதங்களில் ஒரே குழப்பம்: வண்டி ஓரிடம், வரைபடத்தில் புள்ளி வேறிடம். பஸ்ஸின் ஜி.பி.எஸ். கருவியை விற்றவரைக் கேட்டால், "கருவி தகவல் அனுப்பும் ஃபார்மேட் காசு கொடுத்து வாங்கவேண்டிய ஸ்டாண்டர்டு, நீங்கள் பார்க்க முடியாது" என்கிறாராம்.

முதல் பாதி உண்மை. ஜி.பி.எஸ். ரிசீவர் வரிவரியாகத் தகவல் சொல்லும் முறை என்.எம்.இ.ஏ. 0183. அமெரிக்காவின் தேசியக் கடல்சார் மின்னணுச் சங்கம் 1983-இல் வெளியிட்டது. தொழில்துறைக்கே பொதுவான தரம் என்பார்கள். ஆனால் விலை கொடுத்தவருக்குத்தான் ஆவணம். செயற்கைக்கோள் அனுப்பும் சிக்னலின் விவரங்களை, ஜி.பி.எஸ்.ஸுக்கு அமெரிக்க அரசும் இந்தியாவின் நாவிக்குக்கு இஸ்ரோவும் இலவசமாகவே தருகின்றன. வானத்திலிருந்து வருவது எல்லோருக்கும் திறந்திருக்க, பெட்டிக்குள் ஓடும் நாலு வரிக்கு விலை வைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

இரண்டாம் பாதி தவறு. யூ-பிளாக்ஸ் போன்ற சிப் நிறுவனங்களின் கையேடுகளில் ஒவ்வொரு வரிக்கும் விளக்கம் உண்டு. எரிக் ரேமண்ட் என்ற நிரலாளர், விலைக்கு விற்கும் ஆவணத்தைத் தொடாமல், வெளியில் கிடைத்தவற்றைக் கொண்டே ஒரு விளக்கநூல் தொகுத்து இலவசமாக வெளியிட்டார்.

இனி அந்தப் புள்ளி. திண்டிவனத்தின் அட்சரேகை சுமார் 12.234 பாகை. ரிசீவர் அதை 1214.04 என்று எழுதும். முதல் இரண்டு இலக்கம் பாகை, மீதி 14.04, கலை. ஒரு பாகைக்கு 60 கலை என்பதால் 14.04-ஐ 60-ஆல் வகுத்தால்தான் 0.234 வரும். வகுக்காமல் புள்ளியை மட்டும் நகர்த்தினால் 12.1404, பஸ் 10 கி.மீ. தெற்கே போய்விடும். தீர்க்கரேகை 07939.00 என்பதில் பாகைக்கு மூன்று இலக்கம். அதுவும் 79.65 ஆகாமல் 79.39 ஆனால், 28 கி.மீ. மேற்கே. மொத்தத்தில் திண்டிவனத்தில் நிற்கும் வண்டி, செஞ்சிக்கும் பனமலைக்கும் நடுவே எங்கோ தெரியும்.

இதில் என்னை உறுத்துவது வரியின் கடைசியில் உள்ள செக்சம். டாலர் குறிக்கும் நட்சத்திரக் குறிக்கும் இடையிலுள்ள எழுத்துகளை இரும எண்களாக்கி ஒவ்வொன்றாக ஒப்பிட, ஒத்த இடத்தில் 0, மாறிய இடத்தில் 1 விழும். கடைசி விடை இரண்டு இலக்கமாக வரியின் முடிவில் நிற்கும். கம்பியில் ஓர் எழுத்து சிதைந்தாலும் காட்டிக்கொடுக்கும் அழகான ஏற்பாடு. ஆனால் வந்துசேர்ந்த வரியை மென்பொருள் தப்பாகப் படித்தால் அதற்குத் தெரியாது. "டேட்டா சரியாகத்தான் வருகிறது" என்று விற்பவர் சொல்வது இதை நம்பித்தான். மூல வரியைக் கேட்டு வாங்கி, நீங்களே 60-ஆல் வகுத்துப் பாருங்கள்.

இனி மற்றக் கேள்விகள். நேரம் ஐந்தரை மணி பின்னால் இருக்கிறதே? அது உலகப் பொது நேரம்.

வேகம் குறைவாக இருக்கிறதே? நாட் கணக்கு; 1.852-ஆல் பெருக்கினால் கி.மீ.

இருப்பிடம் சொல்லும் ஆர்.எம்.சி. வரியில் 'வி' வருகிறதே? அந்த இருப்பிடத்தை நம்பக்கூடாது. 'ஏ' வர வேண்டும்.

நாவிக் வேலை செய்கிறதா? 'ஜி.ஐ.' என்று தொடங்கும் வரி வருகிறதா என்று பாருங்கள்.

வண்டிகளின் இருப்பிடக் கருவிக்கான தரம், ஏ.ஐ.எஸ். 140 ஆவணத்துக்கும் காசா? இல்லை, இலவசம்.