மாற்று மூட்டும் முழந்தாளும்



என் பெரிய தாயார் மன்னாரைச் சேர்ந்தவர். பாதை திறந்திருந்த ஆண்டுகளிலெல்லாம் ஆகஸ்து 15ஆந் திகதி மடுத் திருவிழாவுக்குப் போய், மாதாவின் திருமுன் முழந்தாளிட்டு, ஐம்பது மணிச் செபமாலையையும் சொல்லி முடித்து வருவது அவர் வழக்கம். எழுபது வயதை அண்மியபோது அவருடைய முழங்கால்கள் தேய்ந்து வளைந்தன. வலது முழங்காலுக்கு மாற்று மூட்டுப் பொருத்தும் சத்திரசிகிச்சை நடைபெற்றது. நன்றாகவே நடைபெற்றது. நோவு நீங்கிற்று; இரவில் உறக்கம் வந்தது; சந்தைக்கு நடந்து போய் வந்தார். ஆயினும், வைத்தியசாலையை விட்டு வரும்போது, "இனி முழந்தாளிட வேண்டாம்" என்று எவரோ அவரிடம் சொல்லிவிட்டார். சொன்னவர் வைத்தியரா, தாதியா, பக்கத்துக் கட்டிலில் இருந்த நோயாளியா என்பது அவருக்கு நினைவில்லை. சில கிழமைகளுக்குத்தான் வேண்டாம் என்றார்களா, வாழ்நாள் முழுவதற்குமா என்பதும் நினைவில்லை. கோயிலில் எல்லோரும் முழந்தாளிடும் வேளையில் அவர் மட்டும் பின்வரிசையிலே கதிரையில் இருந்தார். மூன்று ஆண்டுகள் அப்படியே இருந்தார்.

இயலாதவர் இருந்தபடியே செபிக்கலாம் என்று திருச்சபை கூறுகிறது. தொழுகையிலும் இயலாதவர் கதிரையில் அமர்ந்து தொழ மார்க்கம் இடந்தருகிறது. இச்சலுகைகள் மெய்யாகவே இயலாதவர்க்கு உரியன. மாற்று மூட்டுப் பொருத்தியவர்களுட் பலர், தம்மால் இயலும் ஒன்றை இயலாதென எண்ணிக் கைவிட்டிருக்கின்றனர் என்பதே நான் இன்று பேசப் புகுந்த விடயம். முழந்தாளிடுதல் வழிபாட்டுக்கு மாத்திரம் வேண்டிய ஒன்றென்று எவரும் எண்ணிவிடலாகாது. தோட்டத்திற் களை பிடுங்குவதற்கும், கட்டிலின் கீழ் உருண்டோடிய நாணயத்தை எடுப்பதற்கும், பேரப்பிள்ளையோடு நிலத்தில் விளையாடுவதற்கும் அது வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, தவறி விழுந்தவர் துணையின்றி எழும்ப வேண்டுமாயின், முதலில் முழந்தாளில் நின்ற பின்னரே பெரும்பாலும் எழும்ப இயலும்.

மாற்றப்பட்டது எது என்பதை முதலில் தெரிந்துகொள்வோம். முழங்காலையே வெட்டியெறிந்துவிட்டு இரும்புக் கீல் ஒன்றைப் பூட்டிவிடுகிறார்கள் என்று எண்ணுவோர் இன்னும் உளர். யானைத் தந்தத்திலே கீல்மூட்டுச் செய்து 1890ஆம் ஆண்டில் பேர்லின் நகரிற் பொருத்திப் பார்த்தவர் தெமிஸ்தோக்கிளிஸ் குளுக் என்னும் சத்திரவைத்தியர். அக்காலம் போய்விட்டது. 1968இல் இங்கிலாந்தின் றைற்றிங்ரன் வைத்தியசாலையில் பிராங் கன்ஸ்ரன் என்னும் கனடிய வைத்தியர் தொடங்கிவைத்ததும், 1974இல் நியூயோர்க்கிலே ஜோன் இன்சாலும் அவர்தம் தோழரும் செப்பஞ் செய்ததுமான முறையின் வழிவந்ததே இன்றைய முறை. தொடையெலும்பின் கீழ் நுனியிலே தேய்ந்த பரப்பைச் சில மில்லிமீற்றர் அளவுக்குச் சீவி, கோபால்ற்று, குரோமியம் முதலியன கலந்த உலோக மூடியொன்றை அதன்மேற் பொருத்துகிறார்கள். கணைக்காலெலும்பின் தலையில் ஓர் உலோகத் தட்டு. இரண்டுக்கும் நடுவே பொலிஎதிலீன் என்னும் வழுவழுப்பான பிளாஸ்டிக். பழுதுற்ற பல்லைச் சீவி உறை போடுவதோடு இதனை ஒப்பிடலாம். முழங்காற் சில்லின் உட்புறத்திலே பிளாஸ்டிக் பொத்தான் ஒன்றை ஒட்டுவாரும் உளர். சில்லை இருந்தபடியே விட்டுவிடுவாரும் உளர்.

நாம் முழந்தாளிடும்போது இவற்றுள் எதுவும் நிலத்தைத் தொடுவதில்லை. முழங்காற் சில்லுக்குச் சற்றுக் கீழே, கணைக்காலெலும்பின் முன்புறத்தை விரலால் தடவினால் ஒரு மேடு தட்டுப்படும். முழங்கால் செங்கோணமாக மடிந்திருக்க, உடலை நிமிர்த்தி முழந்தாளிட்டால், பாரத்தின் பெரும்பகுதி அம்மேட்டிலும், சில்லிலிருந்து அதனை நோக்கி இறங்கும் தசைநாணிலுமே தங்குகிறது. மேடும் தசைநாணும் தோலும் பிறந்த நாள் முதல் அவருடையனவாய் இருந்தவையே. இடுப்பை முன்னே தள்ளி மடிப்பைக் குறைத்தாற் பாரம் சில்லை நோக்கி ஏறும். அப்பொழுது பலருக்கு நோவும் ஏறும்.

உலோகம் தளர்ந்துவிடாதா என்று கேட்பீர்கள். நாம் சமதரையில் நடக்கும்போதே ஒவ்வோர் அடியிலும் உடல் நிறையின் இரண்டு மூன்று மடங்கு விசை மூட்டினூடே செல்கிறது. படி இறங்கும்போது அதற்கும் மேல். அதனைத் தாங்கவே இம்மூட்டுச் செய்யப்பட்டது. முழந்தாளிடுகையில் விசையின் திசை மாறுகிறது என்பது மெய்தான்: நிலமானது கணைக்காலெலும்பை முன்னிருந்து பின்னோக்கித் தள்ளும். அதனைத் தடுத்து நிறுத்த மூட்டின் உள்ளே பின்புறமாக உறுதியான நார் ஒன்று உண்டு. அந்நாரை அகற்றிவிட்டுப் பொருத்தும் வகைகளிலோ, அதன் வேலையைச் செய்வதற்கென்றே பிளாஸ்டிக்கில் ஒரு முளை வைத்திருக்கிறார்கள். சிக்கலின்றிப் பொருத்தப்பட்டு நன்கு ஆறிய மூட்டு முழந்தாளிட்டதனாற் கெட்டுப்போகும் என்பதற்கு நம்பத்தக்க சான்று இல்லை.

அப்படியாயின் முழந்தாளிட்டவுடன் ஏன் அந்த விபரீதமான உணர்வு? அதற்குக் காரணம் தோலில் இருக்கிறது. சத்திரசிகிச்சையின்போது முழங்காலின் முன்னே மேலிருந்து கீழாகக் கீறுகிறார்கள். தொடையின் உட்புறமாக இறங்கி வந்து முழங்காலின் முன்புறத் தோலிற் பரவும் மெல்லிய நரம்புக் கிளையொன்று அக்கீறலுக்குக் குறுக்கே கிடக்கிறது. எத்துணைத் தேர்ந்த கையாயினும் அதனைத் தப்பவிடுவது அரிது. ஆதலின் தழும்பின் வெளிப்பக்கத்தே தோல் மரத்துப் போகிறது. மாதங்கள் செல்லச் செல்ல இம்மரப்புச் சுருங்கும். ஒரு பகுதி நிலைத்துவிடுதலும் உண்டு. முதன்முறை முழந்தாளிடுபவருக்குத் துணி சுற்றிய கட்டைமேல் நிற்பது போலவும், ஊசி குத்துவது போலவும் தோன்றும். அதைக் கேட்டின் அறிகுறியென்று கருதிப் பலர் துள்ளி எழுந்துவிடுகின்றனர், மீண்டும் முயல்வதில்லை. காயம் நன்றாக மூடிய பின், நாள்தோறும் பஞ்சினாலும், பின்னர் மெல்லிய துவாயினாலும், அதன் பின்னர்ச் சற்றுச் சொரசொரப்பான துணியினாலும் அவ்விடத்தைத் தடவி வந்தால் தோல் பழகிக்கொள்ளும்.

2002ஆம் ஆண்டில் வெளிவந்த பிரித்தானிய ஆய்வொன்றில், மாற்று மூட்டுப் பொருத்தியவர்களிடம், "உங்களால் முழந்தாளிட முடியுமா?" என்று முதலிற் கேட்டார்கள்; பின்னர், முழந்தாளிட்டுக் காட்டும்படி சொன்னார்கள். முடியும் என்று சொன்னவர்களிலும் பார்க்கச் செய்து காட்டியவர்களே அதிகம். இயலாதவர்களிலும் ஒரு பகுதியினருக்குத் தடையாயிருந்தவை அம்மூட்டோடு தொடர்பில்லாத வேறு குறைகள். 2008இல் ஒக்ஸ்போட்டைச் சேர்ந்தவர்கள் வெளியிட்ட மற்றோர் ஆய்வு இன்னும் தெளிவானது. முழங்காலின் ஒரு பாதியை மட்டும் மாற்றிய 60 பேரைச் சீட்டுக் குலுக்குவது போல் இரு கூறாக்கி, ஒரு கூட்டத்தாருக்கு மட்டும் ஆறாவது கிழமையில் முழந்தாளிடக் கற்றுக்கொடுத்தார்கள். ஓராண்டு கழித்துப் பார்த்தபோது கற்றவர்களே திறம்பட முழந்தாளிட்டனர். தழும்பு இருந்த இடமோ, மரப்போ, மடியும் அளவோ அவ்வேறுபாட்டுக்குக் காரணமாகத் தோன்றவில்லை. பாதி மூட்டைப் பற்றிய ஆய்வாயினும், முழு மூட்டுக்காரரும் கேட்டு வைக்கத்தக்க செய்தி இது.

இனி, பழகும் முறைக்கு வருவோம். காயம் முற்றாக ஆறி, கசிவு எதுவுமின்றி இருக்க வேண்டும். முழங்கால் செங்கோணம் அளவுக்கேனும் மடிய வேண்டும். ஆறு கிழமைக்கு முன் தொடங்குவது வழக்கமில்லை. மூன்று மாதம் பொறுக்கச் சொல்லும் வைத்தியர்களும் உளர். சத்திரசிகிச்சை செய்தவரிடம், "முழந்தாளிடலாமா?" என்று கேளாமல், "எப்பொழுது முழந்தாளிடலாம்?" என்று கேளுங்கள். அவ்வாறு கேட்டால் ஒரு காலக்கெடுவாவது கிடைக்கும்.

தொடங்க வேண்டிய இடம் கட்டில். கட்டிலோரம் நின்று, கைகளை மெத்தையில் ஊன்றி, சத்திரசிகிச்சை செய்த முழங்காலை மெத்தைமேல் வையுங்கள். மற்றக் கால் நிலத்தில் நிற்கட்டும். பாரத்தைச் சிறிது சிறிதாக அம்முழங்காலுக்கு மாற்றி, பத்து எண்ணும் வரை நின்று, எடுத்துவிடுங்கள். சில நாள் இப்படிப் பழகிய பின் இரண்டு முழங்காலையும் கட்டிலில் வைத்துக் கைகளையும் ஊன்றி நிற்கலாம். கைகள் பாரத்திற் பங்கெடுப்பதால் இது நிமிர்ந்து முழந்தாளிடுவதிலும் இலகுவானது.

நிலத்துக்கு இறங்குவது அடுத்த படி. தடித்த மெத்தைத் துண்டொன்றை விரித்து, முன்னே உறுதியான மரக்கதிரையொன்றைச் சுவரோடு அணைத்து வையுங்கள். வீடுதோறும் மலிந்து கிடக்கும் பிளாஸ்டிக் கதிரை இதற்கு ஆகாது. கை வைத்தவுடன் வழுக்கி ஓடிவிடும். கதிரையைப் பற்றியபடி, சத்திரசிகிச்சை செய்த காலைப் பின்னே வைத்து, அந்த முழங்காலை முதலில் மெத்தையில் இறக்குங்கள். மற்றது பின்னர் வரட்டும். புறங்கால் நிலத்திற் படிந்து வலித்தால் கணுக்காலின் கீழ் ஒரு துவாயைச் சுருட்டி வைத்துக்கொள்ளலாம். எழும்பும்போது நல்ல காலின் பாதத்தை முன்னே ஊன்றி, கைகளாற் கதிரையை அழுத்தி எழும்ப வேண்டும். இரு முழங்காலும் மாற்றப்பட்டவர் வலிமை கூடிய காலை முன்வைக்கட்டும். முதல் நாட்களில் வீட்டாரொருவர் பக்கத்தில் நிற்பது நல்லது. பலரைத் தடுப்பது நோவன்று; இறங்கினால் எழும்ப முடியாமற் போய்விடுமோ என்ற அச்சமே.

எல்லோருக்கும் இது பொருந்தும் என்று கூறமாட்டேன். சில்லு முறிந்தவர், சில்லுக்குக் கீழுள்ள தசைநாண் அறுந்து தைக்கப்பட்டவர், மூட்டிற் கிருமி தொற்றியவர், பொருத்திய மூட்டையே மீண்டும் மாற்றியவர் ஆகியோர் தம் வைத்தியர் சொற்படியே நடக்க வேண்டும். பழகும்போது சிறிது உளைவு இருந்து தணிந்துவிடுமாயின் கவலையில்லை. கூரிய குத்து நோவு, மறுநாளும் வற்றாத வீக்கம், சிவப்பு, சூடு, தழும்பிற் கசிவு என்பன காணின் உடனே நிறுத்தி வைத்தியரை நாடுங்கள். கரடுமுரடான தரையில் வெறுந்தோலோடு முழந்தாளிடுவதும் கூடாது. மரத்த தோல் சிராய்த்தால் தெரியாது. அவ்வழியே கிருமி புகும்.

முழந்தாளிடுதல் கைகூடியவர்க்குக் குந்தியிருத்தலும் சப்பாணி கட்டுதலும் கைகூடும் என்று எண்ணிவிட வேண்டாம். குதிக்காலின்மேல் அமர்வதற்கு முழங்கால் ஏறத்தாழ 150 பாகை மடிய வேண்டும். மாற்று மூட்டுக்களிற் பெரும்பாலானவை 110 அல்லது 120 பாகையோடு நின்றுவிடுகின்றன. கூடுதலாக மடியும் என்று விற்கப்படும் வகைகளும் உண்டு; ஒப்பிட்டுப் பார்த்தோர் பெரிய வேறுபாடு எதையும் காணவில்லை. ஆகவே தொழுகையிற் சுஜூது இயன்ற ஒருவருக்கு, இரு சுஜூதுக்கிடையிலான இருப்பு இயலாமற் போகலாம்.

என் பெரிய தாயார் கட்டிலோரம் தொடங்கி நிலத்துக்கு இறங்க நான்கு மாதம் சென்றது. இடையில் இரண்டு முறை, "போதும், விட்டுவிடு" என்று என்னிடமே கோபித்துக்கொண்டார். இப்பொழுது செபமாலையின் முதற் பத்து மணியை முழந்தாளிட்டுச் சொல்கிறார். மிகுதி நாற்பது மணியையும் கதிரையில் இருந்து சொல்கிறார். மெத்தைத் துண்டைச் சீலைப் பையில் வைத்துத் தாமே எடுத்துச் செல்கிறார். அதைப் பிறர் சுமக்க விடுவதில்லை.