வெளியீட்டுக் குறிப்பும் இரு ‘ஸ்ரீ’க்களும்: தமிழ்த் திறமூல மென்பொருளை முன்வைத்து

திறமூல மென்பொருளின் புதிய பதிப்புடன் வரும் வெளியீட்டுக் குறிப்பு, நிரலர் செய்த பணிகளின் பட்டியல் அன்று. அதற்கு மாற்றப் பதிவேடு என்னும் தனி ஆவணம் உண்டு. எது மாறியுள்ளது, எது இனி இயங்காது, மேம்படுத்துமுன் என்ன செய்துகொள்ள வேண்டும் என்பவற்றைப் பழைய பயனருக்கு உரைப்பதே வெளியீட்டுக் குறிப்பு. டெபியன் இயங்குதளம் இதனைத் தனிநூலாகவே பேணிவருகிறது. அதில் புதியன கூறும் இயலைவிடக் கவனிக்க வேண்டிய சிக்கல்களைக் கூறும் இயலே பெரிதும் பயன்படுவது.

சென்னைத் தரமணியின் டைடல் பூங்காவிலுள்ள சி-டாக் மையம் உருவாக்கிய ‘பாஸ்’ இயங்குதளம் டெபியனை அடித்தளமாகக் கொண்டது. இந்திய மொழிகளுக்கு இடமளிப்பது. இத்தகைய வழிநூலுக்குக் குறிப்பு வரைவோரின் பொறுப்பு இருமடங்காகும். முதல்நூலின் மாற்றங்களுள் தம் பயனரைத் தொடுவனவற்றைத் தெரிந்தெடுக்க வேண்டும். எழுத்துரு, விசைப்பலகை, தேடல் ஆகியவற்றில் தாம் செய்தவற்றையும் சேர்க்க வேண்டும். தமிழுக்குரிய சிக்கல்கள் பெரும்பாலும் பின்னதிலேயே எழுகின்றன.

ஓர் எழுத்தைக் கொண்டே இதனை விளக்கலாம். 2005இல் வந்த ஒருங்குறி 4.1ஆம் பதிப்பில்தான் ‘ஶ’ தமிழுக்குச் சேர்க்கப்பட்டது. அதற்குமுன் ‘ஸ்ரீ’ என்பது ஸகர மெய்யையும் ‘ரீ’யையும் கொண்டு குறியேற்றப்பட்டது, அதன்பின் ஸகரத்தின் இடத்தில் ‘ஶ’ பரிந்துரைக்கப்பட்டது. திரையில் இரண்டும் ஓருருவே. கணினிக்கோ இரு வேறு சரங்கள். ஒருங்குறியின் இயல்பாக்க விதிகளும் இவற்றை இணைப்பதில்லை. இரண்டையும் நிகராகக் கொள்ளும் பொறுப்பு மென்பொருளைச் சார்ந்தது. ஆகவே மயிலாப்பூர் ஸ்ரீராமகிருஷ்ண மட வெளியீடுகளை ஒரு நூலகப் பட்டியலில் தேடுபவர், பதிவுகளுள் ஒரு பகுதியை மட்டுமே காணக்கூடும். விடுபட்டவை உண்டு என்ற ஐயமும் அவருக்கு எழாது.

இவ்வழுவைத் திருத்திய பதிப்பொன்றின் குறிப்பில் ‘ஒருங்குறி ஆதரவு மேம்படுத்தப்பட்டது’ என்று எழுதுவது உண்மையே, ஆயினும் பயனற்றது. ‘இருவகையாகக் குறியேற்றப்பட்ட ஸ்ரீயும் இனி ஒரே தேடலில் கிடைக்கும், பழைய அட்டவணையை ஒருமுறை மீளாக்குக, முன்பு எடுத்த சொல்லெண்ணிக்கை மாறலாம்’ என்பதே குறிப்பு. இறுதித் தொடர் ஆய்வாளருக்கு இன்றியமையாதது. ஒரே தரவிலிருந்து இருவர் உருவாக்கும் சொல்லடைவுகள் வேறுபடுமாயின், காரணம் மென்பொருள் பதிப்பாகவும் இருக்கலாம். ஆய்வேட்டில் மென்பொருளின் பெயரோடு பதிப்பெண்ணும் இடம்பெற வேண்டுவது இதனாலேயே. தீர்க்கப்படாத வழுக்களை மறைப்பதும் தகாது. அறிந்து வெளியிட்ட குறை பயனரை எச்சரிக்கும்.

பெசன்ட் நகர் நூலகத்திற்குத் தம் பெயரை அளித்த உ.வே.சாமிநாதையர், ஒப்புநோக்கிய ஏடுகளையும் அவற்றை உதவியோரையும் பதிப்பு முன்னுரைகளில் குறித்தார். திறமூலக் குறிப்புகளிலும் பங்களித்தோர் பெயர் இடம்பெறும். ஆனால் களஞ்சியத்திலிருந்து தானியங்கியாகத் திரட்டும் பட்டியல் நிரல் எழுதியோரை மட்டுமே தரும். பிழை சுட்டிய தமிழாசிரியரின் பெயரையும் மொழிபெயர்ப்பை மெய்ப்புப் பார்த்தவரின் பெயரையும் குறிப்பாசிரியர் கையால்தான் சேர்க்க வேண்டும்.