சில்லுனு ஒரு கெமிஸ்ட்ரி!

மழை ஓய்ந்து, வயலில் தேங்கிய தண்ணி வடிஞ்சதும் திருத்துறைப்பூண்டி பக்கம் சம்பா பயிருக்கு யூரியா கரைசல் தெளிப்பாங்க. கலக்குற வேலை, லீவுல வீட்டுக்கு வந்த காலேஜ் பையன் தலையிலதான் விழும். அடுத்த தடவை கிண்டி முடிச்சதும் வாளியைத் தொட்டுப் பாருங்க. ஜில்! 100 மில்லி தண்ணீரில் 50 கிராம் யூரியாவைக் கரைத்தால் பத்து டிகிரிக்கு மேல் சூடு இறங்கிவிடும்.

'யூரியா குளிர்ச்சி'ன்னு சொல்லிடாதீங்க. மூட்டைக்குள்ளே கையை விட்டால் ஒன்றும் தெரியாது. கரையும்போது, படிகத்தில் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருக்கும் மூலக்கூறுகளைப் பிரிக்கச் சக்தி வேண்டும். தண்ணீரோடு சேர்வதால் கிடைக்கும் சக்தி அதற்குப் பத்தாது. துண்டு விழுவதை வாளித் தண்ணீரிடமிருந்தும் உங்க விரலிடமிருந்தும் பிடுங்கிக்கொள்கிறது. விளையாட்டில் அடிபட்டால் வைக்கிற 'இன்ஸ்டன்ட் ஐஸ் பேக்' சிலவற்றிலும் சாட்சாத் இந்த யூரியாதான்.

"கரையுறதெல்லாம் ஒரு வினையாப்பா?" என்று கெமிஸ்ட்ரி சார் மடக்குவார். நியாயமான கேள்வி. அசல் 'வெப்பம் கொள் வினை' பார்க்கணும்னா கடலோரச் சரக்கான கிளிஞ்சலைத்தான் கேட்கணும்.

சுண்ணாம்புக் காளவாயில் கிளிஞ்சலையும் கரியையும் மாற்றி மாற்றி அடுக்கிக் கொளுத்துவார்கள். வைக்கோல்னா ஒரு தீக்குச்சி போதும், மீதியை அதுவே பார்த்துக்கும். கிளிஞ்சல் அப்படி இல்லை. ஏறக்குறைய 900 டிகிரி சூடு கடைசிவரை வேணும். நடுவிலே தீ தணிஞ்சா வினையும் அங்கேயே நின்றுவிடும். சுத்தமான கால்சியம் கார்பனேட் 100 கிலோ எரித்தால் சுட்ட சுண்ணாம்பு 56 கிலோ. பாக்கி 44 கிலோ கரியமில வாயுவாகப் பறந்துவிடும்.

அவ்வளவு சூடும் எங்கே போச்சு? மனப்பாடம் பண்ணுற அவசரத்துல நாம கோட்டை விடுற இடம் இதுதான். ஒரு மோல், அதாவது 100 கிராம் கால்சியம் கார்பனேட் உடைவதற்கு வாங்குவது சுமார் 178 கிலோஜூல். ஆறிக் கிடக்கிற சுட்ட கிளிஞ்சலில் தண்ணீர் தெளித்ததும் கொதித்து, ஆவி பறந்து, மாவாக உதிரும். 'நீத்துப் போச்சு' என்பார்கள். அதில் 65 திரும்பி வந்துவிடுகிறது. மீதி 113? சுவரில் பூசிய சுண்ணாம்பு, காற்றில் இருக்கும் கரியமில வாயுவை இழுத்து மறுபடி கால்சியம் கார்பனேட்டாக இறுகும்போது வெளியே வருகிறது. மாசக்கணக்கில், வருஷக்கணக்கில் நிதானமாக வருவதால் சுவரைத் தொட்டால் தெரியாது. கூட்டிப் பாருங்க, பைசா குறையாது!

நீத்துற நேரத்துல மட்டும் கிட்டே நின்னு வேடிக்கை பார்க்காதீங்க. கண்ணில் தெறித்தால் சூடும் காரமும் சேர்ந்து பார்வையையே பறித்துவிடும். பட்டுவிட்டால் உடனே நிறைய தண்ணீர் விட்டு நல்லா கழுவணும், தாமதிக்காம டாக்டரைப் பார்க்கணும்.

டெல்டாவிலேயே பெரிய காளவாய் எதுன்னு கேட்டா, நான் வயலைத்தான் காட்டுவேன். தீ இல்லை, வெயில்தான். கரியமில வாயுவையும் தண்ணீரையும் சேர்த்து ஒரு மோல் குளுக்கோஸ் கட்ட நெற்பயிர் வாங்கி வைப்பது சுமார் 2,800 கிலோஜூல். சோறாகி உள்ளே போனதும் அதில் ஒரு பங்கு நம்ம உடம்புச் சூடாகிறது. இன்னொரு பங்கு உமியில் இருக்கு. அரிசி ஆலை பாய்லரில் அதை எரித்துத்தான் அடுத்த லோடு நெல்லை அவிக்கிறார்கள்.