எடை போடுவது யார், விலை சொல்வது யார்?

‘விளைவிப்பது நாம், விலை சொல்வது யாரோ!’ கமிஷன் மண்டிக்குப் போய்வரும் எல்லோருக்கும் இந்த ஆதங்கம் உண்டு. குஜராத்தின் கேடா மாவட்டப் பால் உற்பத்தியாளர்களும் ஒரு காலத்தில் இப்படித்தான் புலம்பினார்கள்.

1945-ல் அங்கிருந்து பம்பாய்க்குப் பால் அனுப்பும் உரிமை ‘பால்சன்’ நிறுவனத்திடம் மட்டுமே இருந்தது. அது வைத்ததே விலை. விவசாயிகள் ஒன்று திரண்டு, 15 நாள்கள் பால் ஊற்ற மறுத்தார்கள். 1946 டிசம்பரில், திரிபுவன்தாஸ் படேல் தலைமையில் கூட்டுறவு ஒன்றியத்தைப் பதிவு செய்தார்கள். ஆரம்பத்தில் இரண்டே கிராமச் சங்கங்கள். தினமும் சுமார் 250 லிட்டர் பால். அதுதான் பின்னாளில் ‘அமுல்’!

கிராமச் சங்கமே பாலை அளந்தது. கொழுப்புச் சத்தைச் சோதித்து விலை கொடுத்தது. எத்தனை மாடு வைத்திருந்தாலும் ஆளுக்கு ஓர் ஓட்டுதான்.

இருந்தும் ஒரு சிக்கல். குளிர்காலத்தில் எருமைகள் கூடுதலாகக் கறந்தன. பம்பாயால் அத்தனையையும் வாங்க முடியவில்லை. 1955-ல் வெண்ணெய், பால் பவுடர் ஆலை வந்த பிறகே மிஞ்சிய பாலுக்கும் விலை கிடைத்தது.

நீங்கள் உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தில் பங்குதாரரா? அடுத்த பொதுக்குழுவில் மூன்று கேள்விகள் கேளுங்கள். எடை போடுவது யார்? வரவு செலவைப் பார்க்கலாமா? விளைச்சல் மிஞ்சினால் என்ன ஏற்பாடு?

உங்களுக்கும் ஒரு கேள்வி உண்டு. வியாபாரி கிலோவுக்கு ஒரு ரூபாய் கூட்டித் தருகிறேன் என்றால், சரக்கை யாருக்குக் கொடுப்பீர்கள்? எல்லோரும் அவர் பக்கம் சாய்ந்தால் நிறுவனம் படுத்துவிடும். அடுத்த போகத்தில் அவர் சொல்வதுதான் விலை.