வீட்டுக் காவல் மணியும் வேற்று நிறுவன உணரிகளும்

திருடன் எந்தச் சாமத்தில் வருவான் என்று அறியாத வீட்டுத் தலைவரைப் பற்றிய உவமை ஒன்று மத்தேயு நற்செய்தியில் உண்டு. அவருக்கு விழித்திருப்பதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. இன்று பெருமாள்புரத்திலும் மகாராஜ நகரிலும் முதிய பெற்றோர் மட்டுமே வாழும் இல்லங்கள் பல உள்ளன. பிள்ளைகள் சென்னையிலோ, வளைகுடாவிலோ, அமெரிக்காவிலோ இருக்கின்றனர். ஆகவே விழித்திருக்கும் பொறுப்பைக் கம்பியில்லாக் காவல் மணி ஒன்றிடம் ஒப்படைத்துவிட்டுப் பெற்றோர் உறங்கச் செல்கின்றனர். அந்தக் காவலாளி உண்மையிலேயே விழித்திருக்கிறானா என்பதுதான் நம் கேள்வி.

மின்சாரக் காவல் மணிக்கு 1853-ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவில் காப்புரிமை பெற்றவர் ஒரு சமய ஊழியர். அவர் பெயர் அகஸ்டஸ் ரஸ்ஸல் போப். நம் பகுதியில் சாயர்புரத்தில் பணியாற்றிய ஜி. யு. போப் அல்லர், உரோமையின் போப்பும் அல்லர்! பாஸ்டன் நகருக்கு அருகே வாழ்ந்த பிற சபைப் போதகர். கதவு திறந்தால் மின்சுற்று இணைந்து மணி அடிக்கும் என்பதே அவர் கண்ட முறை. அந்த மணிக்குக் கதவிலிருந்து கம்பி வந்தது. ஆதலால் எந்தக் கடைக் கம்பியானாலும் பொருந்திற்று. இன்று கம்பியின் இடத்தில் வானொலி அலை வந்துவிட்டது. அலைக்கு மொழி உண்டு. தொல்லை அங்கேதான் தொடங்குகிறது.

ஏற்கெனவே மையப் பெட்டியும் நான்கு உணரிகளும் உள்ள வீட்டில், கொல்லைக் கதவுக்கு இன்னொன்று தேவைப்படுகிறது என வைத்துக்கொள்வோம். அதே நிறுவனத்தின் உணரி விலை அதிகம். வேறு நிறுவனத்தினுடையது பாதி விலை. “இரண்டும் 433தான் அண்ணாச்சி, போட்டால் பேசும்” என்கிறார் கடைக்காரர். அவர் சொல்வது பொய்யன்று, முழு உண்மையுமன்று.

433 என்பது மெகாஹெர்ட்ஸ் கணக்கில் அலையின் அதிர்வெண். நம் நாட்டில் 433 முதல் 434 வரையுள்ள பட்டையைக் குறைந்த ஆற்றல் கருவிகள் உரிமமின்றிப் பயன்படுத்தலாம். 865 முதல் 867 வரையிலான பட்டை 2005-இல் திறக்கப்பட்டு, 2021-இல் 868 வரை நீட்டிக்கப்பட்டது. அமெரிக்கக் காவல் மணிகள் பலவும் 345 அல்லது 319.5 மெகாஹெர்ட்சில் இயங்குகின்றன. ஐரோப்பிய வகைகள் பல 868-ஐச் சற்றே தாண்டி நிற்கின்றன. கிறிஸ்து பிறப்பு விடுமுறைக்கு வரும் மகன் பெட்டியில் வைத்துக் கொண்டுவரும் உணரி இங்குள்ள மையப் பெட்டியுடன் பேசாமற்போவதற்கு முதற்காரணம் இதுவே. நமது சட்டம் அனுமதிக்காத பட்டையில் அது இயங்குமானால், பேசினாலும் பயன்படுத்தல் முறையன்று.

அதிர்வெண் ஒன்றானாலும் போதாது. ஒரே வானொலி நிலையத்தைக் கேட்பவர் அனைவருக்கும் அதன் மொழி புரிந்துவிடுவதில்லையே. மலிவான உணரிகளில் பெரும்பாலும் இரு வகைச் சில்லுகள் காணப்படும். பி.டி. 2262 என்பது பழையது. அதன் கால்களைப் பற்றவைத்து முகவரி அமைப்பார்கள். எட்டுக் கால்களை முகவரிக்கு ஒதுக்கினால் 6561 முகவரிகளே கிடைக்கும். ஈ.வி. 1527 வகையில் ஆலையிலேயே பதித்த முகவரி பத்து இலட்சத்திற்கும் மேற்பட்டவற்றுள் ஒன்று. உங்கள் மையப் பெட்டி இவற்றுள் எதைக் கற்றுக்கொள்ளும் என்பதை அதன் கையேட்டில் பார்த்துவிட்டே வாங்குங்கள். உயர்ந்த வகைப் பெட்டிகள் மறைமொழியில் பேசுவன. அவை வேற்று நிறுவன உணரியை ஏற்பது அரிது. ஜிக்பீ முறையிலோ மொழி பொதுவானது; ஆயினும் சில நிறுவனங்களின் பெட்டிகள் பிறர் உணரியைச் சேர்த்துக்கொள்ள மறுக்கின்றன.

மேற்சொன்ன இரு சில்லுகளும் ஒவ்வொரு முறையும் ஒரே சொல்லையே சொல்வன. அச்சொல்லை வெளியே நிற்பவர் பதிவு செய்து திருப்பி ஒலிக்கச் செய்யலாம். ஆகவே காவலை நிறுத்தும் கைக்கருவியை மட்டும் இவ்வகையில் ஒருபோதும் வாங்காதீர்கள்.

இதனினும் பெரிய ஆபத்து மௌனம். உணரி சேர்ந்துவிட்டது, கதவைத் திறந்ததும் சைரன் அலறிவிட்டது, பொருந்திவிட்டதென்று மகிழ்கிறோம். ஆனால் நல்ல அமைப்புகளில் உணரியானது, கதவு திறக்காத வேளையிலும், குறித்த இடைவெளியில் “நான் இருக்கிறேன்” என்று செய்தி அனுப்பிக்கொண்டிருக்கும். அது வராவிடில் மையப் பெட்டி எச்சரிக்கும். மலிவான ஒருவழி உணரிகளில் பெரும்பாலும் இந்த வழக்கம் இல்லை. இருந்தாலும் வேற்று நிறுவனப் பெட்டிக்கு அது புரியாது. மின்கலம் தீர்ந்துபோன உணரியும், கதவு பத்திரமாகச் சாத்தியிருக்கும் உணரியும் அந்தப் பெட்டிக்கு ஒன்றே. பேசாத உணரியை அன்றைக்கே கடையில் திருப்பிக் கொடுத்துவிடலாம். பேசிவிட்டுப் பின்னர் ஓசையின்றி ஓய்ந்துவிடுவதை நம்பித்தானே தாயும் தந்தையும் உறங்குகிறார்கள்!

ஆதலால் என் கருத்து இது: தலைவாயிலுக்கும், புகை, எரிவாயு ஆகியவற்றைக் காட்டும் உணரிகளுக்கும் அதே நிறுவனப் பொருளையே வாங்குங்கள். விலைக் குறைவுக்கு ஆசைப்பட்டால் உள்ளறைச் சன்னலோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அதையும் மாதம் ஒருமுறை திறந்து பார்த்துச் சோதியுங்கள். வாங்கும்போதே, எல்லாக் கதவுகளையும் சாத்தி, பொருத்தப்போகும் இடத்திலேயே வைத்துச் சோதிப்பது நலம். பழைய வீடுகளின் கனத்த சுவரும் இரும்புக் கிராதியும் அலையை மங்கச் செய்யும். இரும்புக் கதவில் நேரே ஒட்டிய காந்தமும் வலுவிழக்கும்.

நம் வெயிலையும் மறக்கலாகாது. ஆள் நடமாட்டத்தைக் காட்டும் உணரி, உடலின் வெப்பத்துக்கும் சுற்றுப்புற வெப்பத்துக்கும் உள்ள வேறுபாட்டைக் கொண்டே இயங்குகிறது. சித்திரை மாதத்து நண்பகலில் பூட்டிய வீட்டின் சுவர் ஏறக்குறைய உடலளவு சுடும்போது அது மந்தமாகிவிடும். வெப்ப ஈடு செய்யும் வசதி உள்ளதா எனக் கேட்டு வாங்குங்கள். பல்லி அதன் முகத்தில் ஊர்ந்து நள்ளிரவில் தெருவையே எழுப்பிவிடுவதும் உண்டு.

வைஃபை வழியாக நேரே கைபேசிக்குச் செய்தி அனுப்பும் உணரிகளுக்கு மையப் பெட்டியே வேண்டாம் என்பார்கள். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழையில் தாமிரபரணி கரைபுரண்டபோது, நம் மாவட்டத்தின் பல இடங்களில் மின்சாரமும் கைபேசித் தொடர்பும் அற்றுப்போயின. அத்தகைய நாளில் வைஃபை உணரி ஊமை. தன் மின்கலத்தில் இயங்கி, வீட்டுச் சைரனை நேரே ஒலிக்கச் செய்யும் அமைப்பு அப்போதும் அண்டை வீட்டாரை அழைக்கும்.

செலவைக் குறைக்க இன்னொரு வழி உண்டு. சில நிறுவனங்களின் கதவு உணரிகளில், வெளியிலிருந்து கம்பி இணைப்பதற்கென இரண்டு திருகுகள் இருக்கும். அவற்றில் எந்தக் கடையில் கிடைக்கும் சாதாரணக் காந்தத் தொடர்பையும் இணைக்கலாம். அடுத்தடுத்த மூன்று சன்னல்களின் தொடர்புகளை வரிசையாகக் கோத்து ஒரே உணரியில் முடிக்கவும் இயலும். எந்தச் சன்னல் திறந்தது என்று தனித்தனியே தெரியாது. ஆனால் மையப் பெட்டியோடு பேசுவது அதன் சொந்த உணரியே. வயர்மேன் வரும்போது இந்தத் திருகுகளைக் காட்டிக் கேளுங்கள். அரை மணி நேர வேலைதான்.