குடும்பக் கணக்கில் ஜகாத்

ஒருவர் எதனை மதிக்கிறார் என்பதை அவருடைய சொற்களைக் காட்டிலும் அவர் எழுதும் வரவு செலவுக் கணக்கே தெளிவாக உரைக்கும். வாடகை, பால், பள்ளிக் கட்டணம், மொய் என எல்லாவற்றிற்கும் தொகை ஒதுக்குவோர் பலர், ஜகாத்திற்கு மட்டும் ரமலான் பிறந்த பின்னரே கையிருப்பைத் தேடுகின்றனர்.

ஜகாத் மாத ஊதியத்தின்மீது விதிக்கப்படுவதன்று. செலவு போக எஞ்சி, நிசாப் அளவை எட்டி, ஓராண்டு நிலைத்த செல்வத்தில் நாற்பதில் ஒரு பங்கு, அதாவது 2.5 விழுக்காடு. ஓர் இலட்சத்திற்கு 2,500 ரூபாய். மாதந்தோறும் ஏறக்குறைய 210 ரூபாயைத் தனியே எடுத்து வைப்பவருக்கு அது சுமையாகத் தோன்றாது. வலிமா விருந்தில் ஒரு பதார்த்தம் குறையலாம்; குறையட்டுமே!

ஈண்டு நுட்பமானதொரு செய்தி உண்டு. அவ்வோராண்டு என்பது பிறையாண்டு; 354 அல்லது 355 நாள்களே உடையது. வங்கிக் கணக்கைப் பின்பற்றி ஏப்ரல் முதல் மார்ச் வரை கணக்கிடுவோர் ஆண்டுக்குப் பதினொரு நாள் பின்தங்குவர். 33 ஆண்டுகளில் ஒரு முழு ஜகாத்தே விடுபட்டுப்போம். அஃது ஏழையின் பங்கு. ஆதலின் ஹிஜ்ரித் தேதியொன்றை வரையறுத்துக் கணக்கேட்டின் முதல் பக்கத்திலேயே குறித்தல் நன்று.

அணியும் நகைக்கு ஹனஃபி மத்ஹபில் ஜகாத் உண்டு. ஷாஃபிஈ மத்ஹபில், அளவோடு அணியும் பெண்ணின் நகைக்கு இல்லை. கடமையாகுமிடத்து அதற்குரியவர் நகையின் உடைமையாளராகிய மனைவியே. அவர் இசைவுடன் கணவர் செலுத்தலாம். எனினும் கணக்கில் அத்தொகையை அவர் பெயரிலேயே எழுதுதல் வேண்டும்.